அடிநாக்குல வரிசையா உருண்டை உருண்டையா இருக்கு, என்னவா இருக்கும்?

ராத்திரிஆந்தை:
வணக்கம் மக்களே. வயசு 29, சென்னை, ஐடி வேலை, நைட் ஷிப்ட். சிகரெட் கிடையாது, தண்ணி எப்பவாச்சும் பிரெண்ட்ஸ் கல்யாணத்துல மட்டும். கொஞ்ச நாளா தொண்டை கரகரன்னு இருந்துச்சு, சளின்னு நெனச்சு மொபைல் டார்ச் அடிச்சு கண்ணாடி முன்னாடி நின்னு நாக்க நல்லா வெளிய இழுத்து பாத்தேன். நாக்கோட பின்பக்கம், தொண்டைக்குள்ள எறங்குற எடத்துல சிவப்பா பெரிய பெரிய புள்ளியா மேடு கட்டி நிக்குது, அதுக்கும் பின்னாடி கரடுமுரடா வேற என்னவோ இருக்கு. வலி இல்ல, ரத்தம் இல்ல, சாப்பிட முடியுது. ஆனா கூகுள்ல தேடுனா மொத பக்கத்துலயே கேன்சர்ங்குறான். ரெண்டு நாளா தூக்கம் போச்சு. அம்மாகிட்ட சொன்னா சொந்தக்காரங்க மொத்த பேருக்கும் போன் போட்ருவாங்க, அதான் இங்க கேக்குறேன். யாருக்காச்சும் இப்படி இருந்துருக்கா?

திண்டுக்கல்பூட்டு:
தம்பி பயப்படாதீங்க, உடம்பு சூடுதான். கல்லுப்பு போட்டு வெந்நீர்ல காலைலயும் ராத்திரியும் கொப்புளிங்க. எங்க ஆச்சி இருந்தப்ப நாக்குல மரு வந்தா சுண்ணாம்ப தொட்டு வச்சு விடுவாங்க, தானா உதிர்ந்துரும்.

பல்லாண்டு:
பூட்டு அண்ணே, உப்புத்தண்ணி ஓகே, அதுல ஒரு கெடுதலும் இல்ல. சுண்ணாம்பு மட்டும் தயவுசெஞ்சு வேணாம், வாய்க்குள்ள வச்சா வெந்து புண்ணாயிரும், அப்புறம் அது எதனால வந்த புண்ணுன்னு பாக்குற டாக்டருக்கே புடிபடாது.

ஆந்தை, நான் திருச்சில பல் டாக்டர். போட்டோகூட பாக்காம இதுதான்னு சொல்ல மாட்டேன், சில கேள்வி மட்டும் கேக்குறேன். அந்த மேடு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா, இல்ல ஒரு பக்கம் மட்டுமா? வரிசையா நிக்குதா? விரல் வச்சா மெத்துனு இருக்கா, கல்லு மாதிரியா? பாக்கு, புகையிலை ஏதாச்சும் போடுற பழக்கம் இருக்கா? டங் கிளீனர எவ்ளோ உள்ள விட்டு வழிப்பீங்க?

ராத்திரிஆந்தை:
டாக்டர் ரொம்ப தேங்க்ஸ். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு. எண்ணிப் பாத்தேன், ஒன்பது தெரியுது, நடுவுல இருக்கறது தொண்டைய பாத்து உள்வாங்கி, மத்ததெல்லாம் சரிஞ்சு ரெண்டு பக்கமும் முன்னாடி வருது. விரல் வச்சா ஓங்கரிக்குது, அதனால சரியா தெரியல. பாக்கெல்லாம் இல்ல. டங் கிளீனர்... குமட்டல் வர்ற வரைக்கும் வழிச்சாதான் எனக்கு பல்லு வெளக்குன திருப்தியே வரும், ஸ்டீல் கிளீனர். இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

பல்லாண்டு:
சம்பந்தம் இருக்கு, வர்றேன்.

நீங்க சொல்றத வச்சு பாத்தா அது சர்க்கம்வலேட் பாப்பிலா. எல்லா மனுசனுக்கும் இருக்கற சுவை மேடுங்க, 8ல இருந்து 12 வரைக்கும் இருக்கும், ஒண்ணொண்ணும் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர். நாக்கோட முன்பக்கம் மூணுல ரெண்டு பங்கும் பின்பக்கம் ஒரு பங்கும் சேர்ற கோட்டுக்கு கொஞ்சம் முன்னாடி வரிசை கட்டி நிக்கும், கூர் முனை தொண்டைப் பக்கம் இருக்கும், நீங்க சொன்ன அதே அமைப்பு. வேலூர் கோட்டைய பாத்திருப்பீங்க, சுத்தி அகழி ஓடும்ல, ஒவ்வொரு மேட்ட சுத்தியும் அப்படி ஒரு பள்ளம் இருக்கு. பள்ளத்தோட சுவர்ல சுவை மொட்டு, அடியில குட்டி குட்டி சுரப்பி தண்ணிய விட்டு பள்ளத்த கழுவிகிட்டே இருக்கும், அப்பதான் அடுத்த வாய் சாப்பாட்டோட ருசி தெரியும். பொறந்ததுல இருந்து இருக்கு, நாக்க அவ்ளோ தூரம் யாரும் இழுத்து பாக்குறதில்ல, அவ்ளோதான்.

இப்ப கிளீனர் விஷயம். ஸ்டீல் பட்டைய அங்க வரைக்கும் விட்டு தெனமும் சொரண்டுனா அந்த மேடு உரசி வீங்கி சிவந்து நிக்கும், சாதாரணமா தெரியாதது தெரிய ஆரம்பிக்கும். கொதிக்க கொதிக்க காபி, காரம், கூர்மையா ஒடஞ்ச பல்லு, இதெல்லாமும் நாக்க உரசி வீங்க வைக்கும். நாக்கு வழிக்கறது நல்ல பழக்கம்தான், ஆனா நாக்கோட நடுவுக்கு கொஞ்சம் பின்னாடியோட நிறுத்திக்கணும். குமட்டல் வருதுன்னா ரொம்ப உள்ள போயிட்டீங்கன்னு அர்த்தம்.

மருதாணி:
அய்யோ எனக்கும் இருக்கு!! இப்பதான் போய் பாத்தேன். ஆனா எனக்கு நாக்கோட ஓரத்துல, கடவாப்பல்லு பக்கத்துல, செங்குத்தா மடிப்பு மடிப்பா இருக்கு. அதுவும் நார்மலா? இந்த இழைய படிக்காமயே இருந்துருக்கலாம் 😭

பல்லாண்டு:
அது போலியேட் பாப்பிலா, அதுவும் எல்லாருக்கும் உண்டு. ரெண்டு பக்க ஓரமும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. இருந்தா நிம்மதியா தூங்குங்க. ஆனா ஒண்ணு சொல்லணும், நாக்கோட ஓரம்ங்கறது சும்மா விடுற எடம் இல்ல, நம்மூர்ல நாக்குல வர்ற புத்துநோய் அதிகமா தொடங்குற எடமே அதுதான். அதனால ஒரு பக்கம் மட்டும் தடிப்பு, வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண்ணுன்னா காட்டிரணும். கடவாப்பல்லு ஒடஞ்சு கூரா இருந்தா அத மொதல்ல சரி பண்ணுங்க, அப்படியும் ரெண்டு வாரத்துல புண்ணு ஆறலன்னா பல்லு மேல பழி போடக்கூடாது.

காதோரம்:
பல்லாண்டு சொன்னது எல்லாம் சரி. நான் காது மூக்கு தொண்டை டாக்டர், அரசாங்க ஆஸ்பத்திரி, டூட்டி முடிஞ்சு எழுதுறேன், எழுத்துப்பிழைய பொறுத்துக்கங்க.

ஆந்தை, "பின்னாடி கரடுமுரடா வேற என்னவோ"ன்னு எழுதிருக்கீங்களே, அத யாரும் கவனிக்கல. அது லிங்குவல் டான்சில். டான்சில்னா தொண்டைக்கு ரெண்டு பக்கமும் இருக்கறது மட்டும்தான்னு நெனைக்கறோம், ஆனா மூக்குக்குப் பின்னாடி அடினாய்டு, ரெண்டு பக்கமும் டான்சில், கீழ அடிநாக்குல இது, எல்லாம் சேந்து உணவும் காத்தும் உள்ள வர்ற வாசல சுத்தி ஒரு வளையமா காவல் நிக்குது. வால்டையர்ங்கற ஜெர்மன் உடற்கூறு நிபுணர் பேர்ல அந்த வளையத்த சொல்லுவோம். காவல்காரன் சண்டை வந்தா வீங்கத்தான் செய்வான். சளி, வைரஸ் காய்ச்சல், அலர்ஜி, சிகரெட் எதுனாலயும் வீங்கும். சின்ன வயசுல டான்சில் ஆபரேஷன் பண்ணவங்களுக்கு சில பேருக்கு இது ஈடுகட்ட பெருசாவறதும் உண்டு.

ஆனா உங்க வயசுல, நைட் ஷிப்ட்ல இருக்கறவங்ககிட்ட நான் அடிக்கடி பாக்குற காரணம் வயித்து அமிலம் மேல ஏறி வர்றது. நெஞ்செரிச்சல் இருக்கணும்னு அவசியமே இல்ல. காலைல எந்திரிச்சா தொண்டை கரகரப்பு, அடிக்கடி தொண்டைய செருமுறது, ஏதோ சிக்குன மாதிரி இருக்கறது, புளிச்ச ஏப்பம், இவ்ளோதான் இருக்கும். ராத்திரி எத்தன மணிக்கு சாப்புட்டு எத்தன மணிக்கு படுக்குறீங்க?

ராத்திரிஆந்தை:
டாக்டர் சிசிடிவி ஏதும் வச்சுருக்கீங்களா? 😅 ஷிப்ட் முடிஞ்சு ரெண்டு மணிக்கு கம்பெனி கேப்ல வர்ற வழில பரோட்டா சால்னா, வந்ததும் படுத்துருவேன். புளிச்ச ஏப்பமும் இருக்கு, செருமல் வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அப்ப கேன்சர் இல்லன்னு முடிவு பண்ணிக்கலாமா?

காதோரம்:
நேர்ல பாக்காம முடிவு பண்ண முடியாது, ஆனா நீங்க சொல்றதுல பயப்படுற அறிகுறி ஒண்ணுமில்ல. ஒரு தடவ போய் காட்டிருங்க, ஏன்னா அடிநாக்க கண்ணாடில நீங்களா முழுசா பாக்கவே முடியாது. நாங்க காம்புல சாய்வா பொருத்துன குட்டிக் கண்ணாடிய வாய்க்குள்ள வச்சு பாப்போம், இல்லன்னா மூக்கு வழியா ஒல்லியான ஸ்கோப் (கேமரா வச்ச குழாய்) விடுவோம், மரத்துப் போற ஸ்ப்ரே அடிச்சுட்டுதான் விடுவோம், சில நிமிஷத்துல முடிஞ்சுரும்.

எதுக்கு ஓடி வரணும்னு மத்தவங்களுக்கும் சேத்து சொல்றேன். ஒரு பக்கம் மட்டும் தடிப்பு, தொட்டா கெட்டியா இருக்கு, மூணு வாரம் தாண்டியும் போகல, ரத்தம் கசியுது, முழுங்க வலிக்குது, நாக்க முன்ன மாதிரி நீட்ட முடியல, கழுத்துல நெறி கட்டி வலியே இல்லாம நிக்குது, குரல் மாறிருச்சு, காரணமில்லாம எடை கொறையுது. இதுல ஒண்ணு இருந்தாலும் உப்புத்தண்ணிய விட்டுட்டு வாங்க. இன்னொண்ணு ஜனங்களுக்கு தெரியறதில்ல: ஒரு பக்கக் காதுல மட்டும் வலி, காத பாத்தா சுத்தமா இருக்கும். அடிநாக்குக்கும் காதுக்கும் ஒரே நரம்புல இருந்து கிளை போறதால நாக்குல இருக்கற நோவு காதுல பேசும்.

பெரியகுளத்தான்:
காது விஷயத்த படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. எங்க பெரியப்பாவுக்கு அதேதான். பீடி, வெத்தலை, பொகையிலை மூணும் உண்டு. வலது காதுல குத்துதுன்னாரு, மெடிக்கல் கடைல சொட்டு மருந்து வாங்கி ஊத்தி ஊத்தி மாசக்கணக்குல ஓட்டுனோம், அப்புறம் கழுத்துல ஒரு உருண்டை, வலி இல்ல, அவரு அத துண்டு போட்டு மறச்சுகிட்டே திரிஞ்சாரு. மதுரைல போயி பாத்தப்பதான் அடிநாக்குல இருக்குன்னு சொன்னாங்க, வாயத் தொறந்து பாத்தா வெளிய ஒண்ணுமே தெரியல. கழுத்து உருண்டைல ஊசி போட்டு எடுத்து டெஸ்ட், அப்புறம் அடிநாக்குல சதை எடுத்து டெஸ்ட், எம்ஆர்ஐ, அப்புறம் கரண்டு வைத்தியமும் (கதிர்வீச்சு) கீமோ ஊசி மருந்தும் சேத்து கொடுத்தாங்க. எச்சி ஊறுறது கொறஞ்சு போச்சு, தண்ணி பாட்டில் இல்லாம வெளிய கெளம்ப மாட்டாரு, ஆனா இப்பவும் தோட்டத்துக்கு போறாரு, எங்கள திட்டுறாரு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைல நெறைய செலவு கழிஞ்சுச்சு.

திண்டுக்கல்பூட்டு:
பெரியப்பா நல்லா இருக்கட்டும். ஆனா பொகையிலை போட்டாதான வருது, எங்க வீட்டுல எல்லாரும் வெறும் வெத்தலை பாக்கு மட்டும்தான், சாப்பாட்டுக்கு அப்புறம் செரிமானத்துக்கு. அது நம்ம பாரம்பரியம், அதுலயும் குத்தம் சொல்லுவீங்களா?

பல்லாண்டு:
சொல்லுவேண்ணே, கோச்சுக்காதீங்க. வெத்தலை பிரச்சனை இல்ல, பாக்குதான். உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004ல வெளியிட்ட அறிக்கைல, பொகையிலை கலக்காத பாக்குகூட மனுசனுக்கு புத்துநோய் உண்டாக்கும்னு மொத பிரிவுலயே சேத்துருச்சு. என்னைக்காவது கல்யாணப் பந்தியில போடுறத சொல்லல, நாள் முழுக்க கன்னத்துல அடக்கி வைக்கறத சொல்றேன். பாக்கு போட்டுகிட்டே இருந்தா வாய்க்குள்ள சதை நார் நாரா இறுகி, வாயே தொறக்க முடியாமப் போற சப்மியூகஸ் பைப்ரோசிஸ்னு ஒண்ணு வருது, என் கிளினிக்குக்கு காலேஜ் பசங்களே வர்றாங்க. வீட்டுலயே பாக்கலாம், உங்க மூணு விரல நெட்டுக்குத்தா ஒண்ணுமேல ஒண்ணா வச்சு முன்பல்லுக்கு நடுவுல நுழையுதான்னு பாருங்க. நுழையலன்னா, காரம் பட்டா எரியுதுன்னா, வந்து காட்டுங்க. தமிழ்நாட்டுல 2013ல குட்கா, பான் மசாலாவ தடை பண்ணாங்க, பொட்டிக்கடைல மறச்சு வச்சு விக்கறத நீங்களும் பாக்குறீங்க நானும் பாக்குறேன்.

திண்டுக்கல்பூட்டு:
ரெண்டு விரல்தான் தாராளமா போகுது, மூணாவது இடிக்குது. வயசானா அப்படித்தான இருக்கும்?

பல்லாண்டு:
வயசுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லண்ணே. பாக்கு போடுறத இன்னைக்கே நிறுத்துங்க, இந்த வாரமே பக்கத்துல பல் டாக்டர்கிட்ட வாய காட்டுங்க. நெசமாத்தான் சொல்றேன்.

யாழ்மருமகள்:
வணக்கம், நான் யாழ்ப்பாணம். என்ட சின்னம்மாவுக்கு நடந்ததைச் சொல்லுறன், இது கேன்சர் கதை இல்லை. அவவுக்கு அடிநாக்கில, சரியா நடுவில, உருண்டையா ஒண்டு இருந்தது. கனகாலமா இருந்திருக்கும் போல, பிள்ளை வயித்தில இருக்கேக்குள்ளதான் பெருசாகி விழுங்கக் கஷ்டப்பட்டவ. வெட்டி எடுத்தாச் சரி எண்டுதான் வீட்டில எல்லாரும் கதைச்சவை. டொக்டர் விடேல்லை, முதல் கழுத்தை ஸ்கேன் எடுப்பம் எண்டிட்டார். பாத்தா கழுத்தில தைரொயிட்டே இல்லை! நாக்கில இருக்கிறதுதான் அவவின்ட தைரொயிட். இப்ப குளிசை மட்டும் எடுக்கிறா, கட்டியும் சுருங்கிட்டுது. இப்பிடி வேற ஆருக்கும் இருக்கோ?

காதோரம்:
அம்மா, உங்க சின்னம்மாவுக்கு நல்ல டாக்டர் கெடச்சுருக்காரு. லிங்குவல் தைராய்டு அபூர்வம், லட்சத்துல ஒருத்தருக்கு பாக்குறதே பெருசு, பொம்பளைங்களுக்குதான் அதிகம். கரு வளரும்போது தைராய்டு அடிநாக்குலதான் உருவாகுது, அங்கேருந்து கழுத்துக்கு எறங்கி வரணும். சில பேருக்கு அது கெளம்பவே இல்லாம அங்கயே உக்காந்துரும், பத்துல ஏழு பேருக்கு உடம்புல இருக்கற மொத்த தைராய்டும் அது ஒண்ணுதான். வயசுக்கு வர்றப்ப, கர்ப்பமா இருக்கறப்ப தைராய்டு தேவை கூடுறதால அது பெருசாகி கண்ணுல படும். கட்டின்னு நெனச்சு வெட்டி எடுத்துட்டா ஆயுசுக்கும் தைராய்டு இல்லாம மாத்திரைல ஓட்டணும். அதனால அடிநாக்குல, சரியா நடுவுல, உருண்டையா இருந்தா தைராய்டு ரத்த டெஸ்ட், கழுத்து ஸ்கேன், தேவைன்னா தைராய்டு எங்க இருக்குன்னு காட்டுற ஐசோடோப் ஸ்கேன், இதெல்லாம் பாக்காம யாரும் கத்தி வைக்கக் கூடாது. மூச்சுக்கோ முழுங்கறதுக்கோ ரொம்ப தடையா இருந்தாதான் ஆபரேஷன்.

நடுவுல வர்றதுன்னு சொல்லும்போது இன்னொண்ணு. மேட்டு வரிசைக்கு கொஞ்சம் முன்னாடி நடுநாக்குல சொரசொரப்பு இல்லாம வழுவழுன்னு சிவப்பா ஒரு திட்டு சில பேருக்கு இருக்கும். அது பெரும்பாலும் பூஞ்சை, சர்க்கரை இருக்கறவங்க, சிகரெட் குடிக்கறவங்ககிட்ட பாப்போம். பயப்படற விஷயம் இல்ல, சர்க்கரைய செக் பண்ணிக்கங்க.

மழைக்குருவி:
டாக்டர் நான் ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்குறேன், எனக்கு அடிநாக்குலயும் அண்ணத்துலயும் வெள்ள வெள்ளயா படிஞ்சுருக்கு, வழிச்சா கீழ சிவப்பா இருக்கு, எரியுது. இன்ஹேலர நிறுத்திரலாமா?

காதோரம்:
நிறுத்தாதீங்க!! மூச்சு முக்கியம். ஸ்டீராய்டு இருக்கற இன்ஹேலர்ல மருந்து வாய்ல படிஞ்சு பூஞ்சை வளரும். ஒவ்வொரு தடவையும் அடிச்ச உடனே தண்ணி விட்டு கொப்புளிச்சு துப்பணும், ஸ்பேசர் (இன்ஹேலர் முன்னாடி மாட்டுற குழாய்) வச்சு எடுத்தா வாய்ல படியறதே கொறைஞ்சுரும். இப்ப வந்துருக்கறதுக்கு பூஞ்சை மருந்து வேணும், உங்க டாக்டர்கிட்ட காட்டி வாங்கிக்கங்க.

கேள்வியின்நாயகன்:
மரு மாதிரி பூப்பூவா ஒண்ணு இருந்தா? பிரெண்ட் ஒருத்தனுக்கு (நெசமாவே பிரெண்டுதான்).

காதோரம்:
பிரெண்டுக்கே சொல்லுங்க 🙂 பாப்பிலோமாவா இருக்கலாம், எச்பிவி வைரஸால வர்றது, பெரும்பாலும் 6, 11ங்கற வகை, அது சாதுவானது, சின்னதா எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டா வேல முடிஞ்சுது. 16ஆம் வகைதான் அடிநாக்குலயும் டான்சில்லயும் கேன்சர் வரைக்கும் கொண்டு போறது. சிகரெட்டே தொடாதவங்களுக்கும் அங்க வருதுன்னா அது ஒரு காரணம். மேல நாடுகள்ல இந்த வகை கூடிகிட்டு இருக்கு, நம்ம நாட்டுல இன்னமும் பொகையிலையும் பாக்கும்தான் பெரிய வில்லன்.

ராத்திரிஆந்தை:
அப்டேட். போய் காட்டிட்டு வந்துட்டேன். ஸ்கோப் விட்டாங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு மூக்குல ஒரு கூச்சம், வலின்னு சொல்ல முடியாது. ஸ்கிரீன்ல எனக்கே காட்டுனாங்க. முன்னாடி இருக்கற மேடு நார்மல், கிளீனர் பட்டு செவந்துருக்கு. பின்னாடி லிங்குவல் டான்சில் ரெண்டு பக்கமும் சமமா கொஞ்சம் வீங்கிருக்கு, குரல்வளை பின்பக்கமும் அமிலம் பட்டு செவந்துருக்காம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடுற மாத்திரை கொடுத்துருக்காங்க, சாப்புட்டு மூணு மணி நேரம் கழிச்சுதான் படுக்கணுமாம், கட்டிலோட தலைமாட்டு கால்ல செங்கல் வச்சு ஒசத்த சொன்னாங்க. பரோட்டாக்காரர்தான் பாவம். இன்னொரு விஷயம் சொன்னாங்க, தெனமும் டார்ச் அடிச்சு பாக்குறத மொதல்ல நிறுத்துங்க, பாக்க பாக்க பயம், பயத்துல செருமல், செரும செரும வீக்கம்னு.

மருதாணி:
சூப்பர் ப்ரோ. நானும் டார்ச்ச தம்பிகிட்ட கொடுத்துட்டேன்.

கரூர்சாந்தி:
நான் இங்க புதுசு, தப்பா எழுதுனா மன்னிச்சுக்கங்க. என் வீட்டுக்காரருக்கு வயசு 47, லாரி ஓட்டுறாரு, குட்கா பழக்கம் ரொம்ப வருசமா இருக்கு. நாக்கோட இடது பக்கம் பின்னாடி ஒரு தடிப்பு, நடுவுல புண்ணு, ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, பி காம்ப்ளக்ஸ் மாத்திரை வாங்கி போட்டுட்டு இருக்காரு. காதும் வலிக்குதுங்கறாரு. ஆஸ்பத்திரிக்கு கூப்புட்டா வர மாட்டேங்குறாரு, கூட வேல பாக்குறவங்க சதை எடுத்து டெஸ்ட் பண்ணா, கத்தி பட்டா ஒடம்பு முழுக்க பரவிரும்னு சொல்லி பயமுறுத்தி வச்சுருக்காங்க. இந்த இழை முழுக்க படிச்சேன், எனக்கு கை நடுங்குது.

காதோரம்:
சாந்திம்மா, நீங்க எழுதுனது நல்லது. ஒரு பக்கம், ஒரு மாசம், குட்கா, காது வலி, இதுக்கு மேல காத்திருக்கக் கூடாது. அதேதான்னு நான் சொல்லல, ஆனா இந்த வாரமே பாக்கணும். கத்தி பட்டா பரவும்ங்கறது ஊர் முழுக்க சுத்துற பேச்சு, அதுல உண்மை இல்ல. பரவறது டெஸ்ட்டால இல்ல, டெஸ்ட்ட தள்ளிப்போடறதால. மரத்துப்போற ஊசி போட்டு ஓரத்துல துளி சதை எடுப்பாங்க, என்ன நோய், என்ன வைத்தியம்னு அத வச்சுதான் முடிவு பண்ண முடியும். சீக்கிரம் வந்தா அந்த எடத்த மட்டும் எடுத்தே முடிச்சுரலாம், நாக்க காப்பாத்தலாம்.

பல்லாண்டு:
அக்கா, கேரளாவுல திருவனந்தபுரம் பக்கத்துல வருசக்கணக்குல ஒரு ஆய்வு நடத்துனாங்க, சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடா போய் வாயத் தொறக்கச் சொல்லி வெறும் கண்ணால பாத்தாங்க, அவ்ளோதான். 2005ல முடிவு வந்துச்சு, பொகையிலை, சாராயம் பழக்கம் இருந்தவங்கள்ல வாய்ப் புத்துநோய் சாவு மூணுல ஒரு பங்கு கொறஞ்சுது. சீக்கிரம் பாக்குறதுக்கு அவ்ளோ பலன் இருக்கு, அவருகிட்ட இத சொல்லுங்க.

பெரியகுளத்தான்:
அக்கா, கேன்சர்ங்கற வார்த்தைய வீட்டுல எடுக்காதீங்க, எங்க பெரியப்பா அத கேட்டுத்தான் முரண்டு புடிச்சாரு. பல்லு குத்தி புண்ணாயிருக்கு, பல்ல தேச்சு விட்டா சரியாயிரும்னு சொல்லி கூட்டிட்டு போங்க. உள்ள போனப்புறம் டாக்டர் பேசிக்குவாரு. வேணும்னா எங்க பெரியப்பாவ போன்ல பேச வைக்குறேன், திட்டி அனுப்பி வைப்பாரு.

கரூர்சாந்தி:
பல்லுன்னு சொன்னதுக்கு வர்றேன்னுட்டாரு. லோடு எறக்கிட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி வர்றாரு. திங்கக்கிழமை காலைல மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போறோம். எத்தன மணிக்கு போகணும், என்ன எடுத்துட்டு போகணும்?

காதோரம்:
ஏழரைக்கெல்லாம் போயி ஓபி சீட்டு போட்டுருங்க, காது மூக்கு தொண்டைன்னு சொல்லி வாங்குங்க. ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை இருந்தா அதுவும், அவரு சாப்புடற மாத்திரை அட்டைங்க எல்லாத்தையும் பைல போட்டுக்கங்க. சர்க்கரை, பிரஷர், ரத்தம் ஒறையாம இருக்கற மாத்திரை ஏதாச்சும் எடுத்தா அத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும். காலைல இட்லி சாப்புட்டே வரட்டும், பட்டினி வேணாம். குட்கா மட்டும் போடாம வாய நல்லா கொப்புளிச்சுட்டு வரச் சொல்லுங்க, கறை இருந்தா புண்ணோட ஓரம் தெரியாது.